இறந்தவர் நேரில் வர வேண்டும்

விடுதியில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். ஒரே அறையில் நான்கு கட்டில், நான்கிலும் லாரி ஓட்ட வந்தவர்கள். மற்ற மூவரும் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் அவர் இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் வண்டி நிற்கும் யார்டுக்கு முதலில் போய்ச் சேர்வதும் அவர்தான்.

"ஏண்ணே, நீங்க நடந்து வர்றீங்களா, இல்ல ரோடே உங்களைத் தூக்கிட்டு வருதா?" என்று கீழ்க்கட்டில்காரர் கேட்பாராம்.

"நடந்துதான் வர்றேன். நீங்கதான் வழியில நாலு கடையில நிக்கிறீங்க."

உரிம அலுவலகத்தின் தரைத்தளத்தில் மூன்றாவது மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டு லைசென்ஸோடு வருகிறவர்களின் காகிதங்களை இந்த நாட்டு மொழியில் பெயர்த்துக் கொடுப்பதும், ஓட்டும் தேர்வில் தேர்வாளர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. அவர் என் மேசைக்கு வந்தபோது, இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் இரண்டு காரியம் நடக்க வேண்டும். அதைக் கொடுத்த ஊர் அலுவலகம் 'ஆமாம், இது எங்களுடையதுதான்' என்று கடிதம் அனுப்ப வேண்டும். இங்கே ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். ஊரில் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருந்தார்கள். இருபத்தாறு வருடமாக ஸ்டியரிங் தவிர வேறொன்றும் பிடிக்காத கை அது.

காகிதங்களைக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மீசை வைத்த ஒரு ஆள். ஓரங்கள் நைந்திருந்தன.

"இவன் எப்பவாச்சும் இங்க வந்தானாம்மா? லைசென்ஸ் மாத்த?"

"யாருண்ணே இது?"

"மாப்ளே."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரா?"

"தங்கச்சியெல்லாம் எனக்கு இல்ல. நாங்க ஒரே வண்டி."

ஒரே வண்டி என்றால் இரட்டை ஓட்டுநர்கள். நீண்ட தூரம் போகும் லாரியில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். இவர்கள் பதினொரு வருடம் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவது வருடமே ஒரு கேட்டில் உரசி வண்டியில் பின்னால் வருவதைக் காட்டும் இடது பக்கக் கண்ணாடி உடைந்துபோயிற்று. முதலாளி மாற்றித் தரவே இல்லை. அதனால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இடது ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்து, வெளியே தொங்கும் கையால் கதவைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. பேச்சே கிடையாது. இவர் அவரை மாப்ளே என்பார், அவர் இவரை மச்சான் என்பார். அந்தக் கணக்கில் மாப்பிள்ளையின் மனைவி இவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், மகள் பிறந்த சமயத்தில் இவர் பத்து நாள் லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வண்டியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. வண்டியை விற்றாயிற்று என்றார் முதலாளி. மாப்பிள்ளை வெளிநாட்டு கான்டிராக்ட் கிடைத்து ஒரே நாளில் கிளம்பிவிட்டாராம். இருவரும் சேர்ந்துதான் போவதாக அதுவரை பேச்சு.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். திட்டாத நாள் கிடையாது. ஆனா தங்கச்சி இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. இங்க வர்றேன்னு சொன்னதும் இந்தப் போட்டோவைக் குடுத்துச்சு. பாத்தா ஒரு போன் பண்ணச் சொல்லுங்கண்ணே, அது போதும்னுச்சு."

நான் பதிவேட்டில் தேடினேன். அப்படி ஒருவர் வந்ததாக இல்லை. "போட்டோ இருக்கட்டும்மா, வேற யார்கிட்டயாவது கேட்டுக்கறேன்" என்று திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து வந்த அனுபவச் சான்றுகளோடு சரக்குக் கிடங்கின் கேட் சீட்டுகளும் ஒரு கட்டாக இருந்தன. வண்டி எண், வந்த நேரம், வெளியே போன நேரம், உள்ளே வந்த ஆட்கள் எத்தனை பேர். எல்லாவற்றையும் சரிபார்த்துக் கோப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. நான்காவது சீட்டில்தான் கவனித்தேன். ஆட்கள் என்ற கட்டத்தில் 2 என்று இருந்தது. முதல் சீட்டுக்குத் திரும்பிப் பார்த்தேன். அதிலும் 2. முப்பத்தொரு சீட்டிலும் 2. கையெழுத்துகள் மட்டும் மூன்று நான்கு வேறு வேறு காவலாளிகளுடையவை.

"கூட யார் வர்றாங்கண்ணே?"

"யாரும் இல்லையே. இங்க ஒத்தை டிரைவர்தான்."

சீட்டைக் காட்டினேன். அவர் சிரித்தார். "அதை ஏன் கேக்குறீங்க. அந்தக் கிடங்குல இதே தொல்லை. ரிவர்ஸ் எடுத்துச் சேர்த்து நிறுத்தினா, இறக்குறவன் வந்து சண்டைக்கு நிக்கிறான். உன் கூட வந்த ஆள் பின்னாடி நின்னு நல்லாத்தான் பாக்குறான், ஆனா மஞ்சள் சட்டை போடாம யார்டுல நிக்கக் கூடாதுன்னு. அவனுக்கு இவங்க மொழியில என்ன சொல்ல? தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

"நீங்க யாரையாவது பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா பாக்குறது? எனக்குச் சத்தம் கேட்டாப் போதுமே."

எந்தச் சத்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முதல் தேர்வு ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. வெயில் நன்றாக இருந்தது. தேர்வாளர் அதிகம் பேசாதவர். மடியில் ஒரு அட்டை, கையில் பென்சில். நான் பின்னால் ஓட்டுநர் படுக்கும் பலகையில் உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம். அவர் வாழ்நாளெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர். இருந்தும் வண்டி தண்ணீரில் போவதுபோலப் போயிற்று. பாலத்தடியிலும் சரி, பள்ளிக்கூடச் சாலையிலும் சரி, தேர்வாளரின் பென்சில் அசையவே இல்லை.

பிறகு ஒரு சந்திப்பில் வலது பக்கம் திரும்பச் சொன்னார். நிதானம் வண்டியை நிறுத்தி, இடது பக்கம் பார்த்தார். வலது பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வலது கதவில், வெளிப்பக்கத்திலிருந்து, இரண்டு தட்டு கேட்டது. உள்ளங்கையால் தகரத்தில் தட்டும் சத்தம்.

அவர் உடனே திருப்பினார். நல்ல திருப்பம், அகலமாக, ஓரக்கல்லில் படாமல்.

தேர்வாளர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். தன் பக்கத்து ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். கீழே பார்த்தார். ஜன்னலை ஏற்றினார். அதன் பிறகு மூன்று வலது திருப்பம் வந்தது. மூன்றிலும் அதே இரண்டு தட்டு. ஒவ்வொரு தடவையும் தேர்வாளரின் தோள் கொஞ்சம் என் பக்கமாக, கதவை விட்டு நகர்ந்து வந்தது.

முடிவில் தேர்வாளர் அட்டையில் எழுதிக் கொடுத்ததை நான் நிதானத்துக்குச் சொன்னேன். "வலது பக்கக் கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இல்லாத ஒருவரை நம்பி ஓட்டுகிறார். தேறவில்லை."

அவர் ரொம்ப நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பக்கம் மாறிப்போச்சும்மா. அங்க இடது, இங்க வலது. அவன் எப்படி மாத்திக்கிட்டான்?"

"உங்களுக்கு எவ்வளவு நாளா கேக்குதுண்ணே?"

"இந்த ஊர்ல வண்டியைத் தொட்ட அன்னையிலேர்ந்து. இங்கதான் எங்கயோ இருக்கான், பக்கத்து வண்டியில வர்றான், வெளாட்டு காட்டுறான்னு நெனச்சேன். எத்தனை பார்க்கிங்ல இறங்கித் தேடியிருக்கேன் தெரியுமா?" பிறகு தானே சொன்னார்: "வரட்டும், கையில கெடச்சா ரெண்டு போடுறேன்."

இரண்டாவது தேர்வுக்கு மூன்று வாரம் கழித்து நாள் கிடைத்தது. கண்ணாடி பார்க்கப் பழகுவதாகச் சொன்னார். அதற்குள் ஊரிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

உறை என் மேசைக்கு வந்தபோது அவரும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அரைப் பக்கக் கடிதம். லைசென்ஸ் எண் சரி. பெயர் சரி. பிறந்த தேதி சரி. கடைசி வரியில், மேற்படி உரிமத்தை உடையவர் ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டதாகவும், பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது இது தெரியவந்ததாகவும், எனவே சரிபார்ப்புக் கடிதம் தர இயலாது என்றும் இருந்தது.

கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தமிழில்தானே இருந்தது. விரல் வைத்துப் படித்தார்.

"நான் செத்துட்டேனாம்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "செத்தவன் வரிசையில நின்னு டோக்கன் வாங்கிட்டு வந்திருக்கேன் பாருங்க."

பிறகு விரல் தேதியில் நின்றது. அவருடைய மகள் பிறந்த நான்காவது நாள்.

அவர் சிரித்த முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. எழுந்து வெளியே போய், வாகன நிறுத்தத்தில் நின்று யாருக்கோ போன் செய்தார். முன்பு வேலை பார்த்த லாரி ஷெட்டின் மெக்கானிக்குக்கு என்று பிறகு சொன்னார். நண்பகல் வெயிலில் அவர் நிற்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்து உட்கார்ந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. லைசென்ஸ் ஆளோடு போகாது, வண்டியோடு போகும். டாஷ்போர்டுப் பெட்டியில் வண்டிக் காகிதத்தோடு ஒன்று கிடக்கும். யார் ஓட்டினாலும் கேட்கிற இடத்தில் அதை நீட்டுவார்கள். வியர்வையில் நைந்த போட்டோவில் மீசையைத் தவிர ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் லைசென்ஸ் காலாவதியாகிப் புதுப்பிக்கப் போயிருந்த நேரம். இவர் லீவில் கிளம்பும்போது தன்னுடையதைப் பெட்டியில் போட்டு, "பத்திரம்டா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான்காவது நாள் வண்டி கவிழ்ந்துவிட்டது. முகம் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. லைசென்ஸ் இல்லாதவனிடம் ஏன் வண்டியைக் கொடுத்தாய் என்று கேட்டால் முதலாளி உள்ளே போக வேண்டும். பெட்டியில் கிடந்த பெயரையே சொல்லி, அவரே கையெழுத்துப் போட்டு, உடலை அங்கேயே புதைத்துவிட்டார். இவரிடம், "உன் லைசென்ஸையும் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்டா, தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடு" என்று வேறு ஊர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் நகல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த முதலாளியும் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது.

"மெக்கானிக் என்ன சொல்றான் தெரியுமாம்மா? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டாங்கிறான். ஒம்போது வருஷமா அவன் என் பேர்ல படுத்திருக்கான். நான் அவனைத் திட்டிக்கிட்டு அலையுறேன்."

அன்று மாலையே கம்பெனி மேலாளர் ஒரு வழி சொல்லி அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர்; நல்ல ஓட்டுநரை இழக்க மனமில்லை. பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம் என்று ஒரு உறுதிமொழி கொடுத்தால் போதும். இந்த நாட்டு அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு இரண்டாவது தேர்வுக்கு அனுமதிக்கும். உண்மையைச் சொன்னால், லைசென்ஸை இன்னொருவருக்குக் கொடுத்த குற்றத்துக்கு ஊரில் அது ரத்தாகும். இங்கே கோப்பு மூடப்படும். ஊருக்கு டிக்கெட்.

"போட்டுடுறேம்மா" என்றார் நிதானம். "பொண்ணு படிக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அன்று வெள்ளிக்கிழமை. வாசகத்தைத் தயார் செய்து செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்கு வைப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் இரண்டு கேட் சீட்டுகள். சனிக்கிழமையுடையது ஒன்று, திங்கட்கிழமையுடையது ஒன்று. அவற்றை என் முன்னால் வைத்தார். ஆட்கள் என்ற கட்டத்தில், இரண்டிலும், 1.

"போடுறேன்னு சொன்ன அன்னைக்கே அவன் இறங்கிட்டான்மா. நேத்து ஒரு திருப்பத்துல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. கண்ணாடியைப் பாத்தேன். காலியாத்தான் இருக்கு, போகலாம். ஆனா கால் எடுபடல."

"இந்த வாரம் வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்களேண்ணே."

"படிங்கம்மா. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல படிங்க. அப்புறம் போடுறேன்."

படித்தேன். நான் இன்னார், இன்ன தேதியில் பிறந்தவன். கடிதத்தில் குறிப்பிட்ட விபத்துக்கும் எனக்கும் தொடர்பு இல்லை. அதில் இறந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது.

"திரும்பப் படிங்க."

"இறந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது."

அவர் பேனாவை மூடி, மேசையில் எனக்கு நேராக வைத்தார்.

"இதை நான் போட்டா, அவன் யாருமே இல்லாமப் போயிடுவான். இன்னொரு தாள் எடுங்கம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுதினேன். லைசென்ஸைப் பெட்டியில் போட்டது, யாருக்காகப் போட்டார் என்பது, மாப்பிள்ளையின் மனைவியின் முகவரி, எல்லாம். ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டு மொழியிலும் கையெழுத்துப் போட்டார். அவசரமே இல்லை, ஒவ்வொரு எழுத்தாக.

கோப்பு அன்றே மேல்மாடிக்குப் போயிற்று. பதினோராம் நாள் ஊரிலிருந்து பதில் வந்தது. லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு ரத்து. இறப்புப் பதிவைத் திருத்த வேண்டுமானால், பதிவில் உள்ளபடி இறந்தவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

தன் மனைவிக்கு என் மேசையிலிருந்தே போன் செய்தார். அந்த அம்மாள் தையல் ஆலையில் வேலை செய்கிறவர். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது.

"வேலை போச்சா?"

"போச்சு."

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"இருக்கேன். காகிதத்துலதான் இல்ல."

"அப்ப வாங்க. காகிதத்தை வந்து பாத்துக்கலாம். சாப்டீங்களா?"

அடுத்த போனுக்கு அவர் எழுந்து நின்றுகொண்டார். எடுத்தவுடனே அந்தப் பக்கக் குரல், "சொல்லுங்கண்ணே, பாத்துட்டீங்களா?" என்றது.

"பாத்துட்டேன் தங்கச்சி."

"எங்க இருக்காரு? அங்கதானா?"

"இங்க இல்லம்மா. நம்ம ஊர்லதான். ஒம்போது வருஷமா அங்கயேதான்."

அவர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். வண்டி கவிழ்ந்தது. முதலாளி சொன்னது. என்ன பெயரில் புதைத்தார்கள் என்பது. அந்தப் பக்கம் அழுகை கேட்கவில்லை. கேள்விதான் வந்தது.

"அந்த லைசென்ஸை யாரு எடுத்துக் குடுத்தது?"

"நான்தான்."

"அது இல்லேன்னா வண்டி எடுத்திருப்பாரா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "எடுத்திருப்பாராண்ணே?"

"எடுத்திருக்க மாட்டான்."

போன் வைக்கப்பட்டது. அவர் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். வரிசையில் அடுத்து நின்றவர் டோக்கனைக் காட்டி என்னைப் பார்த்தார். நான் கையமர்த்தினேன்.

வியாழக்கிழமை அவர் ஊருக்குப் போனார். கீழ்க்கட்டில்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். அவர் கட்டிலில் இப்போது வேறு ஒருவர்.

இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. கோப்பு மூடியிருந்தாலும் அதில் சேரும் காகிதத்தைப் பெயர்த்து வைக்க வேண்டும் என்பது அலுவலக முறை. திருத்தப்பட்ட இறப்புப் பதிவின் நகல். பெயர் என்ற கட்டத்தில் நிதானத்தின் பெயரைச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து, மேலே வேறொரு பெயர் எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் சொந்தப் பெயரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அடையாளம் சொன்னவர் என்ற இடத்தில் நிதானத்தின் கையெழுத்து. அதற்குக் கீழே, மனைவி என்ற இடத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து, பேனாவை அழுத்திப் போட்டது. தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. இருவரும் ஒரே நாளில் வந்தார்களா என்று பார்த்தேன். தேதி ஒன்றுதான்.

தொழில்: லாரி ஓட்டுநர். உரிம எண்: இல்லை.

தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, கோப்பில் சேர்த்தேன்.